இன்னும் ஒரு ஜோக்கு பாக்கி

சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். போட்டவன் நான். கொஞ்ச நாளாக அதை மீறுகிறவனும் நான்தான். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், நான் இடது கையால் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் அம்மா முறைப்பாள். "அப்பாவுக்கு மட்டும் ரூல் கெடையாதா?" என்று சின்னவள் ஒரு நாள் கேட்டாள். எழுந்து போய்க் கை கழுவினேன்.

அவள் கேள்விக்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் போனில் படம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு மனிதருக்காகக் காத்திருந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் அப்போது தெரியாது. அதுதான் விஷயம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். விடிந்ததும் செங்கல்பட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்போரூர் வழியாகச் சிறுசேரிக்குப் போகிறேன். அவர்களை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டால் அடுத்த நடை மதியம்தான். நடுவில் காத்திருப்பு. ஓட்டுவதுகூட எனக்கு அலுப்பில்லை, இந்தக் காத்திருப்புதான் ஆளைத் தின்னும். வண்டிக்குள் உட்கார்ந்தால் வேகும். வெளியே நின்றால் காயும். காலை நீட்டிப் படுத்தாலும் தூக்கம் வராது, மனசு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஓடுகிற மனசைக் கட்டிப்போடத்தான் அந்தக் குழுவில் சேர்ந்தேன்.

போனில் இருக்கிற ஒரு பேச்சுக் குழு அது. நம் தடத்தில் ஓடுகிற வண்டிக்காரர்கள், அந்த வண்டிகளில் வருகிற ஆபீஸ்காரர்கள், படூர், நாவலூர் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள், மாமல்லபுரத்துக் கடைக்காரர்கள் என்று பலவகை ஆட்கள். ஆரம்பத்தில் சாலை நிலவரம் மட்டும் சொல்லிக்கொண்டார்களாம். எங்கே மழைத்தண்ணீர் நிற்கிறது, எங்கே புதிதாகப் பள்ளம் தோண்டினார்கள் என்று. நான் சேரும்போது அது ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது. மாமியார் வருகிறார், நல்ல சங்கரா மீன் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்பார். பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, யாரிடம் காட்டலாம் என்று இன்னொருவர் கேட்பார். மீனுக்கும் பதில் வரும், பிள்ளைக்கும் பதில் வரும்.

அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. போன் நம்பரும் காட்டாது. ஒவ்வொருவரும் ஒரு படம் வைத்துக்கொள்வார்கள், அந்தப் படம்தான் ஆள். நான் வண்டிக் கண்ணாடியில் தொங்குகிற எலுமிச்சம்பழம் மிளகாய்ச் சரத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தேன். அதனால் எனக்கு 'லெமனு' என்று ஆயிற்று. குழுவை நடத்துகிறவர் கலங்கரை விளக்கத்தின் படம் வைத்திருந்தார், அவர் 'லைட்டு'. ஒரு சிட்டுக்குருவி இருந்தது. எப்போதாவதுதான் பேசும், பேசினால் பொருத்தமாகப் பேசும். ஆணா பெண்ணா என்று இன்றைக்கும் தெரியாது.

யார், எங்கே இருக்கிறாய் என்று யாரையும் கேட்கக் கூடாது என்பது முதல் சட்டம். அதற்குக் காரணம் உண்டு. எங்களை வேலை வாங்குகிற டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர்களும் அதே குழுவில் ஏதோ ஒரு படத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். இன்ன வண்டிக்காரன்தான் இதை எழுதினான் என்று தெரிந்தால் மறுநாள் டூட்டி இருக்காது. அதனால் முகத்தைக் காட்டாமல் இருப்பது எங்களுக்கு விளையாட்டில்லை, பிழைப்பு.

இன்னொன்று, வழக்கம். யார் என்ன கேட்டாலும் முதலில் மூன்று ஜோக்கு வர வேண்டும். அதற்கப்புறம்தான் நிஜப் பதில். யாராவது அவசரப்பட்டு ஒழுங்கான பதிலை முன்னால் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவரை ஓட்டி எடுப்பார்கள். குளியலறையில் பாம்பு வந்துவிட்டது என்று ஒரு அம்மா எழுதியபோது, "அதுக்கும் நைட் ஷிப்டா, குளிக்க வந்திருக்கும்" என்று முதல் ஜோக்கு விழுந்தது. மூன்றாவது ஜோக்குக்கு அந்த அம்மாவே சிரித்துவிட்டார். பிறகு யாரைக் கூப்பிட வேண்டும், கதவிடுக்கில் என்ன வைத்து அடைக்க வேண்டும் என்று கடகடவென்று பதில்கள் வந்தன. சிரித்தால் பயம் கொஞ்சம் இறங்கும், பயம் இறங்கினால் சொல்வது காதில் ஏறும். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

பெரியவனே, நீ ஒரு நாள் பள்ளிக்குக் கடல் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போக வேண்டியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? எனக்குத் தெரியாததால் குழுவில் கேட்டேன். 'கேளம்பாக்கம் உப்பளத்துக்காரர் மூட்டையைத் தவறவிட்டுவிட்டார்' என்பது முதல் ஜோக்கு. மழைத்தண்ணீர் பாறையில் இருக்கிற உப்பைக் கரைத்து ஆற்றில் விட, ஆறு அதைக் கடலில் சேர்க்கிறது என்ற நிஜப் பதில் நான்காவதாக வந்தது. நீ நிஜப் பதிலையும் எழுதினாய், கீழே உப்பள மூட்டையையும் சேர்த்து எழுதினாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டார்கள்.

அந்த உப்பு மூட்டை ஜோக்கை எழுதியவர்தான் இந்தக் கதையின் ஆள். பரோட்டாப் படம் வைத்திருந்தார். எல்லோரும் 'பரோட்டா' என்றே கூப்பிட்டோம். எங்களைப் போலவே வண்டி ஓட்டுகிறவர் என்பது மட்டும் பேச்சில் தெரிந்தது. காலையில் வண்டி எடுக்கும் முன் நாங்கள் எல்லோரும் குழுவில் 'கீறேன்' என்று எழுதுவோம். இருக்கிறேன் என்பதை நம் பக்கத்தில் அப்படித்தானே சொல்கிறோம், அதுதான் எங்கள் வருகைப் பதிவு. பரோட்டா மட்டும் வெறுமனே எழுத மாட்டார். "கீறேன். ஆனா பொண்டாட்டி நம்ப மாட்டேங்கறா, பாத்திரம் துலக்குனாதான் ஒத்துக்குவாளாம்" என்று ஏதாவது ஒட்டியிருக்கும். எனக்கு ஜோக்கு வராது. நான் திருப்போரூர் ரோட்டில் மாடு நிற்கிறது, பார்த்து வாங்க என்று எழுதுகிற ஆள். ஆனால் அவர் எழுதியதைப் படிக்காமல் சாவியைத் திருக மாட்டேன்.

அன்றைக்கு அவருடைய வருகைப் பதிவில் 'கீறேன்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. ஆறிப்போன டீயைக் குடித்த மாதிரி இருந்தது எனக்கு. பிறகு மறந்துவிட்டேன்.

ஆட்களை இறக்கிவிட்டுச் சிறுசேரியில் வேலியோர நிழலில் வண்டியைப் போட்டேன். பக்கத்தில் பாய் வண்டி. நோன்புக் காலத்தில் நமக்குத் தூக்கில் கஞ்சி கொண்டுவந்து தருவாரே, அந்தக் கோவளத்து மாமாதான். அவர் பின் ஸீட்டில் படுத்திருந்தார். நான் போனைத் திறந்தேன். பரோட்டா எழுதியிருந்தார்:

"ஒரு டவுட்டு. கியர் போடற கை தோள்லேர்ந்து மரத்துகினு வருது. வண்டி நின்னுகினுதான் கீது. ஏசி போட்டும் சட்ட நனைஞ்சுபோச்சு. டீ குடிச்சா சரியாவுமா?"

கீழே முதல் ஜோக்கு வந்துவிட்டிருந்தது: "கியர் போட பொண்டாட்டிய கூப்டு. அவதான் உன்ன நல்லா ரிவர்ஸ்ல போடுவா." இரண்டாவது: "கை மரத்துப்போச்சா? நல்லதாப் போச்சு, மரத்துல ஊஞ்சல் கட்டு." சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. பரோட்டாவே ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தார்.

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஏசி என்கிற சொல்லில் கண் நின்றுவிட்டது. நிற்கிற வண்டியில் நாங்கள் ஏசி போட மாட்டோம், பிள்ளைகளே. சூப்பர்வைசர் டீசல் கணக்குக் கேட்பார். உள்ளே இட்லி மாதிரி வெந்தாலும் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு கிடப்போமே தவிர, என்ஜினை ஓடவிட மாட்டோம். அப்படிப்பட்ட ஆள் ஏசியைப் போட்டிருக்கிறார், அப்படியும் வேர்க்கிறது என்கிறார்.

பாயை எழுப்பிப் போனைக் காட்டினேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து படித்தார்.

"அவனா? அவன் சாவு வூட்லயே ஜோக்கு அடிப்பான் மச்சான். தூங்க வுடு."

"ஏசி போட்டுக்கீறாராம் பாய். நிக்கிற வண்டில."

இரண்டாவது கண்ணும் திறந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் குழுவில் எழுதினேன்: "இது ஜோக்கு இல்ல. எங்க கீற?" எழுதி முடிக்கவில்லை, லைட்டு அதட்டினார். எங்கே என்று கேட்பது சட்ட விரோதம், இன்னொரு முறை கேட்டால் வெளியே போட்டுவிடுவேன் என்றார். அதற்குக் கீழே பரோட்டா பதில் போட்டார். அந்த வரி எனக்கு மனப்பாடம்.

"வுடு லெமனு. இன்னும் ஒரு ஜோக்கு பாக்கி கீது. அது வரட்டும், அப்பால பதில் சொல்லுங்க."

பாருங்கள், அந்த மனிதர் உட்கார்ந்து மூன்றாவது ஜோக்குக்காகக் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பழக்கிவைத்த வழக்கம் அது. எத்தனை பேருடைய கேள்விக்கு அவரே முதல் ஜோக்குச் சொல்லியிருப்பார். தன் முறை வந்தபோது வரிசையைக் கலைக்க அவருக்குக் கூச்சம்.

அப்போது சிட்டுக்குருவி எழுதியது. மூன்றாவது ஜோக்கு வருவதற்கு முன்பாகவே எழுதியது. "வண்டியை ஓட்டாதீங்க. ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் போகாதீங்க. முதல்ல கதவு லாக்கை எடுத்துவிட்டு வைங்க. நூத்தெட்டுக்குக் கூப்பிடுங்க. உடனே." அதற்குப் பரோட்டா பதில் போடவில்லை. சிரிப்பு முகமும் போடவில்லை.

என்னால் நிற்க முடியவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தேன். நூற்றெட்டுக்கு நானே கூப்பிடலாம், எந்த இடம் என்று கேட்டால் என்ன சொல்வேன்? இந்தத் தடத்தில் வண்டிகள் காத்திருக்கிற இடம் ஒன்றா இரண்டா? நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் சந்துக்குச் சந்து வெள்ளை வண்டி நிற்கும். அவர் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. ஆனால் அவர் பொண்டாட்டி எதற்கெல்லாம் கோபப்படுவாள் என்று தெரியும்.

"பாய், அவர் ஜோக்கெல்லாம் படி. எங்கியாவது எடம் சொல்லிக்கீறாரா பாரு. நான் வண்டி எடுக்கறேன்."

வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கும் நான் தொடவில்லை. பாய் பக்கத்தில் உட்கார்ந்து பழைய ஜோக்குகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். மாமியார் ஜோக்கு, மிக்ஸி ஜோக்கு, கல்யாண மண்டபத்தில் செருப்புத் தொலைந்த ஜோக்கு. ஒன்றிலும் இடம் இல்லை. ஒரு ஜோக்கைப் படிக்கும்போது பாய்க்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே வண்டியை இன்னும் விரட்டினேன்.

"இத கேளு மச்சான். 'நான் நிக்கற எடத்துக்கு எதுர்ல ஒரு கிரேன் கீது. கட்டடம் கட்டுனவன் எங்க போனானோ, ரெண்டு வருசமா ஒரே பக்கமா பாத்துகினு நிக்குது. எம் பொண்டாட்டியே கோவம் தீந்தா திரும்பிப் பாப்பா.'"

நாவலூரில் ஒரு கட்டடத்துக்கு மேலே கிரேன் நிற்பதை நான் தினமும் பார்த்திருந்தேன். அந்தப் பக்கம் விட்டேன். சிக்னலில் மாட்டிக்கொண்டோம். முன்னால் நின்ற ஆபீஸ் பஸ் நகரவே இல்லை, நான் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன். "நீ தட்டுனா சிக்னல் மாறிடுமா?" என்று பாய் கேட்டார். கேட்டுவிட்டு அவரே டாஷ்போர்டைத் தட்ட ஆரம்பித்தார். கிரேன் கண்ணில் பட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது.

"திரும்புது," என்றார் பாய். "இது இல்ல."

வந்த வழியே திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது, கொஞ்ச தூரம் தள்ளிப் போய்த்தான் வளைய முடியும். அந்தக் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவதற்குள் என் சட்டையும் நனைந்துவிட்டது. குழுவில் மூன்றாவது ஜோக்கு வந்துவிட்டது என்று பாய் சொன்னார். என்ன ஜோக்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் படிக்கவில்லை.

"மச்சான், மாடு."

"எங்க?" என்று பிரேக்கில் கால் வைத்தேன்.

"ரோட்ல இல்லப்பா, ஜோக்குல. 'எங்க பஸ் ஸ்டாப்புல ஒரு மாடு படுத்துகினு கீது. காலேஜ் பொண்ணுங்க வந்தா எழுந்து எடம் குடுக்குது, பசங்க வந்தா தூங்கற மாதிரி நடிக்குது.'"

காலேஜ், பஸ் ஸ்டாப். படூராகத்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

படூரில் அந்த மாடு இருந்தது. பஸ் நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சுக்கு முன்னால், நிழல் முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு படுத்திருந்தது. மாட்டைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது அதுதான் முதல் முறை. பக்கத்துச் சந்தின் முடிவில், பாதியில் நின்ற அடுக்குமாடிக்கு மேலே ஒரு கிரேன் கடலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. அதற்கு எதிரில் வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் திரை இழுத்துவிட்டிருந்தது. எதைத் தட்டுவது?

பாய் குனிந்து வண்டிகளின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினார். ஏசி ஓடுகிற வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டும் அல்லவா? காய்ந்து கிடந்த மண்ணில் ஒரே ஒரு வண்டிக்குக் கீழே மட்டும் கை அகலத்துக்கு ஈரம் இருந்தது.

கதவைப் பிடித்து இழுத்தேன், திறந்துகொண்டது. குருவி சொன்னபடி லாக்கை எடுத்துவிட்டு வைத்திருந்தார். ஸீட்டைச் சாய்த்துப் போட்டுக் கிடந்தார். போன் மார்பின் மேல் இருந்தது. நான் இத்தனை நாளும் மனசில் ஒரு தொந்தி வைத்த, பெரிய மீசைக்காரரை வைத்திருந்தேன். இவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கோயிலில் வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிற யாரோ ஒருவர் மாதிரி இருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற என் வண்டியைப் பார்த்தார், கண்ணாடியில் தொங்கிய சரத்தைப் பார்த்தார்.

"நீதான் லெமனா," என்றார். மூச்சு வாங்கியது. "சரத்துல ஒரு மொளகா கொறையுது, பாக்கல?"

நூற்றெட்டுக்குக் கூப்பிட்டோம், வண்டி இன்னொரு பக்கம் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். நாங்களே தூக்கி என் வண்டியில் படுக்க வைத்தோம். கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு விட்டேன். வழியில் பாய் அவர் கையைத் தேய்த்துக்கொண்டே அவர் போனிலிருந்தே அவர் வீட்டுக்குப் பேசினார். பரோட்டா ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"குரூப்ல சொல்லாத லெமனு. எங்க சூப்பர்வைசர் உள்ள கீறான். தெரிஞ்சா வண்டிய புடுங்கிடுவான்."

சொல்ல மாட்டேன் என்றேன். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் செருப்பும் போனும் என் கையில் இருந்தன. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன், உட்கார முடியாமல் எழுந்தேன். அந்தப் போன் என் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. மூன்று ஜோக்கோடு நிற்கவில்லை, கேள்வி நன்றாக இருந்ததால் நான்காவது, ஐந்தாவது என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் துடிப்பை இன்றைக்கும் கை மறக்கவில்லை.

மாமல்லபுரம் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினார். ஜோக்குகளில் வருகிற அந்த அம்மாவா இவர் என்று இருந்தது. சின்ன உருவம், இன்னும் காயாத சமையல்கட்டு ஈரம் முந்தானையில். செருப்பையும் போனையும் கொடுத்தேன். "நீங்க யாருண்ணா?" என்று கேட்டார். என்ன சொல்வது? கூட வண்டி ஓட்டுகிறவன் என்றேன். எங்கள் நடைக்கு நேரமாகிவிட்டது. சிறுசேரியில் ஆட்கள் வெயிலில் நிற்பார்கள். அவருடைய பெயரையோ நம்பரையோ கேட்டு வாங்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்கக் கூடாது என்று பழகின நாக்கு.

மறுநாள் ஆட்களை இறக்கியதும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், நோயாளி பெயர் என்ன என்று கேட்டார். நேற்று நெஞ்சு வலியில் கொண்டுவந்து சேர்த்தோம் என்றேன். பெயர் சொல்லுங்கள் என்றார். ஒல்லியாக, கண்ணாடி போட்டவர் என்றேன். உறவா என்றார். இல்லை. நண்பரா என்றார். ஆமாம் என்றேன். நண்பர் பெயர் தெரியாதா என்று அந்தப் பெண் கேட்டபோது பின்னால் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். வாய்வரைக்கும் வந்த 'பரோட்டா'வை விழுங்கிவிட்டு வெளியே வந்தேன். அங்கே இருந்த காவலாளி இரக்கப்பட்டு, நேற்று அப்படி வந்தவரைச் சாயங்காலமே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். எது, எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்துதான் நான் நம் வீட்டுச் சட்டத்தை மீற ஆரம்பித்தேன். காலையில் 'கீறேன்' வரிசை போகும்போது பரோட்டாப் படத்தைத் தேடுவேன், இருக்காது. குழுவில் அவரைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பொண்டாட்டி போனைப் பிடுங்கிக்கொண்டாள் என்று ஒருவர், கிரேன் கடைசியில் திரும்பிவிட்டது, அதிர்ச்சியில் போய்விட்டார் என்று ஒருவர். எனக்குச் சொல்லத் தெரிந்தது இருந்தது, சொல்லக் கூடாது. படூர் பக்கம் போகும்போது அந்தச் சந்தைப் பார்ப்பேன். அந்த வண்டியில் வேறு ஒரு பையன் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்கலாம். கேட்டு, அவன் ஒரு சொல் சொல்லி, அது நான் கேட்க விரும்பாத சொல்லாக இருந்தால்? பஸ் நிறுத்தத்து மாடு வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்திருக்கிறேன். பாய் என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். ஆனால் காலையில் அவரும் போனை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு எதையோ தேடுவதைப் பார்த்தேன்.

நடுவில் ஒரு நாள், பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வருகிறது என்று ஒருவர் குழுவில் எழுதினார். முதல் ஜோக்கு வருவதற்குள் நான் எழுதிவிட்டேன்: "ஜோக்கு அப்பறம். உடம்பு விஷயத்துக்கு மொதல்ல பதில்." அவசரக்குடுக்கை என்று யாராவது ஓட்டுவார்கள் என்று பார்த்தேன். சிட்டுக்குருவி உடனே வந்து பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, கிளம்பு என்று சொன்னது. லைட்டு, இனிமேல் உடம்பு விஷயத்துக்கு லெமனு சொன்னதுதான் ரூல் என்று போட்டார். அது நல்லதுதான். ஆனால் அன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ரூல் இன்னும் கொஞ்சம் முன்னாடி இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னவள் என்னைக் கேட்டாளே, அதற்கு அப்புறம் வந்த திங்கட்கிழமை. செங்கல்பட்டில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். 'கீறேன்' வரிசை ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுதிவிட்டு, பழக்கத்தில் கீழே தள்ளினேன். பரோட்டாப் படம்.

"கீறேன். வண்டி ஓட்டக் கூடாதுன்ட்டாங்க, வூட்லதான் கீறேன். பாத்திரமும் தேய்க்கக் கூடாதாம், அதனால பொண்டாட்டி நம்பிட்டா. அன்னிக்கி யாரோ ஒரு ஜோக்கு பாக்கி வெச்சீங்களே, நான் படிக்கறதுக்குள்ள போன் கைல இல்ல. இன்னா அது?"

அவ்வளவு ஆட்கள் இருக்கிற குழு, ஒரு சிரிப்பு முகம்கூட விழவில்லை. அவர் எழுதியதைப் படித்துவிட்டு, எல்லோருக்கும் அன்றைய கேள்வி திரும்ப ஞாபகம் வந்திருக்க வேண்டும். வண்டியை விட்டது அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். பின்னால் ஆட்கள் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம் என்றார்கள். என்ஜினை அணைத்துவிட்டு, வண்டி நிற்கும்போதே தட்டினேன். ஜோக்கு வராதவன் எழுதியது, அதனால் சின்னதாகத்தான் இருந்தது.

"மொளகா வாங்கி மாட்டிட்டேன்."

குழுவில் ஒருவருக்கும் புரிந்திருக்காது. அவர் சிரிப்பு முகம் போட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று போட்டார்.

இப்போதும் அவர் தினமும் 'கீறேன்' என்று எழுதுகிறார். எடுக்க வண்டி இல்லாமல் வீட்டிலிருந்துதான் எழுதுகிறார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவர் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களை மாமல்லபுரம் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அங்கே ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர், உங்கள் அப்பாவை விட்டுவிட்டு வண்டிக் கண்ணாடியில் தொங்குகிற மிளகாயை எண்ணிக்கொண்டிருந்தால், போய் வணக்கம் சொல்லுங்கள்.